கண்ணில் முளைத்த கொப்பு

எங்கள் வயதுக்காரர் இரண்டு பேர் சந்தித்தால் முன்பெல்லாம் பிள்ளைகளைப் பற்றிக் கதைப்போம். இப்போது மருந்துக் குளிசைகளைப் பற்றிக் கதைக்கிறோம். "நீர் காலமை என்ன போடுறனீர்?" "அந்த மஞ்சளை விட்டிட்டன், இப்ப வெள்ளையிலை பாதி." கலியாண வீட்டுப் பந்தியிலும் இதே கதைதான். ஆகவே நானும் என் குளிசையிலிருந்தே தொடங்குகிறேன்.

போன மாசியில் என் இடக்கண் சிவந்தது. மணல் விழுந்ததுபோல ஓர் உறுத்தல், வெளிச்சம் பட்டால் கண்ணீர். வேறு யாரும் என்றால் பொறுத்துப் பார்த்திருப்பார்கள். நான் அன்றைக்கே மருதனார்மடச் சந்தியில் பஸ் ஏறிவிட்டேன். கண் கிளினிக்கில் இருந்த டொக்டர் என் கடைசி மகனைவிட இளையவர். மஞ்சள் சாயம் தோய்ந்த கடதாசி நறுக்கைக் கண்ணோரத்தில் தொட்டுவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தார்.

"அம்மா, உது உங்களுக்கு முந்தியும் வந்திருக்கோ?"

"ஓம் தம்பி."

"எப்ப?"

"ரெண்டாம் வகுப்புப் படிக்கேக்கை."

பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணுக்குள் இட ஒரு களிம்பு, நாளுக்கு ஐந்து தரம். கூடவே குளிசையும் தந்தார். சுணங்காமல் கெதியாக வந்தபடியால் கெதியாக மாறும் என்றார், மாறியது. இந்தக் கிருமி ஒருமுறை உடம்புக்குள் வந்தால் போகாதாம். நரம்புக்குள் படுத்திருந்து, காய்ச்சலையோ வெயிலையோ மனக்கவலையையோ சாட்டி எழும்புமாம். அடிக்கடி எழும்பினால் குறைந்த அளவில் குளிசையை நெடுநாள் எடுக்கலாமாம்.

"விருந்துக்கு வந்த ஆள் மாதிரியோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. வாடகைக்கு இருக்கிற ஆள் மாதிரி. எழுப்பி அனுப்பேலாது. சண்டை பிடிக்காமல் பாத்துக்கொள்ளலாம்."

ஆட்கள் சொல்லும் சொல்லைச் சேர்த்துவைப்பது என் பழக்கம். இதையும் சேர்த்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது, அந்த வாடகைக்காரர் முதன்முதல் குடிவந்த காலம் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வருடம் எங்களுக்கு வெங்காயம் நன்றாக விளைந்திருந்தது. சுன்னாகம் சந்தைக்குப் போகும் முன் அதைத் தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்ட வேண்டும். வீட்டில் கால் வைக்க இடமில்லை. விறாந்தை, சாமியறை வாசல், குசினிக்குப் போகும் வழி எல்லாம் வெங்காயம். கட்ட வந்த பெண்கள் வட்டமாக இருந்து கதைத்தபடி கட்டுவார்கள். ஊதா நிறச் சருகு பறந்து தலைமயிரிலும் தேத்தண்ணிப் பேணியிலும் விழும். அந்த மணத்திலேயே எழும்பி, அந்த மணத்திலேயே படுப்போம்.

வட்டத்தின் நடுவில் மாமி இருப்பார். மாமி என்றால் அப்பாவின் அக்கா. கணவர் காலமான பிறகு எங்களோடு வந்து இருந்தவர். பிள்ளைகள் இல்லை. விடிந்தால் முதல் வேலையாக என் இரண்டு கண்ணிலும் முத்தமிட்டுக் கொஞ்சுவார். "மச்சாள், பிள்ளை தேய்ஞ்சு போவாள்" என்று அம்மா சொல்வார். "தேயட்டும், நான் திருப்பிச் செய்விக்கிறன்" என்பார் மாமி.

மாமிக்கு உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் போடும். முதலில் நீர் நிரம்பிய சின்னச் சின்னக் கொப்புளங்கள் ஒரு கொத்தாக. பிறகு மஞ்சள் பொருக்கு. "நித்திரையிலை சிலந்தி மூத்திரம் பெய்திட்டுது" என்று சொல்லி, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு வந்து வேலைக்கு இருப்பார். ஊரில் எல்லோருக்கும் அதுதான் காரணம், அதுதான் மருந்து.

"ஏனக்கா, சிலந்திக்கு உங்களை மட்டும்தான் பிடிச்சிருக்கோ? எங்களிலை ஒருநாளும் பெய்யுதில்லை" என்று ஒருத்தி பகிடி விட்டாள்.

"உங்கடை மூஞ்சியளைப் பாத்தால் அதுக்கு வந்த மூத்திரமும் நிண்டுபோம்."

அப்படி மாமியின் உதடு மஞ்சளாக இருந்த ஒரு நாளில்தான் என் இடக்கண்ணுக்குள் வெங்காயச் சருகு விழுந்தது. கசக்கக் கசக்க அது உள்ளுக்குப் போய்விட்டது. நான் அழுதேன். நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள், அப்போது எங்கள் பக்கத்தில் கண்ணில் தூசி விழுந்தால் என்ன செய்வார்கள் என்று. பிள்ளையை மடியில் கிடத்தி, இமையை விரலால் விரித்து, நாக்கு நுனியால் ஒரு வழி வழிப்பார்கள். தூசி நாக்கோடு வந்துவிடும். மாமி அதில் கெட்டிக்காரி. அயலில் இருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவருவார்கள். எனக்கும் எடுத்தார். சூடான, மெத்தென்ற நாக்கு. சருகு வந்துவிட்டது. விரல் நுனியில் ஒட்டி எனக்குக் காட்டினார். "உந்தளவு சாமானுக்கோ இந்தளவு சத்தம்?"

கொஞ்ச நாளில் என் இமையில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் போட்டன. காய்ச்சலும் வந்தது. கண் சிவந்து ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் ஊரில் அம்மாள் வருத்தம் பரவியிருந்தது. கொப்புளிப்பானை, அம்மை நோயை, அப்படித்தான் சொல்வோம். அம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று பொருள். மாமி என்னைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"தாய் வந்திட்டா."

வாசல் படலையில் வேப்பங்குழை கட்டினார்கள். மச்சம் மாமிசம் நின்றது, கறிக்குத் தாளிப்பதும் நின்றது. அம்மாள் இருக்கும் வீட்டில் மருந்து எடுக்கக்கூடாது. எடுத்தால் அவர் கோபிப்பார். வெங்காயம் கட்ட வந்தவர்களும் படலையோடு திரும்பிவிட்டார்கள்.

"அக்கா, மற்றப் பிள்ளையளுக்கு மேலெல்லாம் போட்டிருக்கு. இவளுக்குக் கண்ணைச் சுத்தி மட்டும்தானே கிடக்கு? ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுவமோ?" என்று அப்பா கேட்டார்.

"தாய் தனக்கு விரும்பின இடத்திலைதான் இருப்பா, தம்பி. நீ இப்ப அவவை டொக்டரிட்டைக் கொண்டுபோனால் கண்ணைத்தான் எடுப்பா. தனிக்கண்ணோடை ஒரு பொம்பிளைப்பிள்ளையை வச்சு நீ என்ன செய்யப்போறாய்?"

அப்பா, "பாப்பம்" என்றார். அது அவருடைய சொல். வேலி விழுந்தாலும் பாப்பம், விலை விழுந்தாலும் பாப்பம்.

யன்னலுக்குச் சாக்குத் திரை போட்ட அறையில், வேப்பிலைப் படுக்கையில் கிடந்தேன். நாள் எனக்குக் காதால்தான் போனது. தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிஷின் சத்தம், குசினியில் தேங்காய் திருவும் திருவலைச் சத்தம், படலைக்கு வெளியே நின்று சுகம் விசாரிக்கிறவர்களின் குரல். கண் குத்தும்போது மாமி வேப்பங்குழையால் வருடுவார். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை வார்த்தார்கள். அம்மாள் போய்விட்டார் என்று படலைக் குழையை அவிழ்த்தார்கள். கண் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

அப்போதுதான் அம்மான் லீவில் வந்தார். அம்மாவின் தம்பி, கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. எந்தக் கதையையும் "கொழும்பிலை உதுக்கு" என்றுதான் தொடங்குவார்.

"கொழும்பிலை உதுக்கு ஒரு சொட்டு மருந்து இருக்கு, அக்கா. எனக்குக் கண் கடிச்சுச் சிவந்தநேரம் டொக்டர் தந்தவர். மிச்சம் கொண்டுவந்திருக்கிறன். விட்டுப் பாருங்கோ, பால் மாதிரி வெளுக்கும்."

மாமியும் மறுக்கவில்லை. அம்மாள் போன பிறகு மருந்துக்குத் தடை இல்லையே. மண்ணிறக் குப்பியிலிருந்து அம்மா சொட்டு விட்டார். கண் உண்மையிலேயே வெளுத்தது. நோவும் குறைந்தது. வீடு முழுக்கச் சந்தோசம். அம்மான் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி இருந்து, கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் மருந்தின் பெருமையைச் சொன்னார்.

கண்ணுக்கு நேர்ந்திருந்தபடியால் அம்மன் கோயிலுக்குக் கண்மலர் சாத்தப் போனோம். கண்மலர் என்றால் வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு கண்கள். நடுவில் கருமணிக்கு ஒரு சின்னப் புடைப்பு. பூசை தொடங்கும்வரை அதை என் உள்ளங்கையில் வைத்திருக்கத் தந்தார்கள். நான் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்ப்பதும், பிறகு மாற்றி மூடுவதுமாக விளையாடினேன். வலக்கண்ணால் பார்த்தால் வெள்ளி மினுங்கியது. இடக்கண்ணால் பார்த்தால் கையில் எதுவுமே இல்லை. கையும் இல்லை. வெறும் புகார், பனிமூட்டம்போல.

"அப்பா, இந்தக் கண்ணாலை பாத்தால் கண்மலர் தெரியேல்லை."

அப்பா என்னை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து வலக்கண்ணைப் பொத்தினார். "அப்பாவைத் தெரியுதோ, பிள்ளை?"

"புகைக்குள்ளை நிக்கிறியள்."

அன்றைக்கு அவர் பாப்பம் என்று சொல்லவில்லை. கண்மலரை மாமியிடம் கொடுத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, நெற்றியில் காயாத திருநீறோடு பஸ் ஏறினார்.

யாழ்ப்பாணத்தில் கண் டொக்டர் நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டுக் கருவிக்குள் பார்க்கச் சொன்னார். மஞ்சள் சாயமும் நீல வெளிச்சமும் சேர்ந்து, என் கருவிழியில் பச்சையாக ஒரு கொப்பு ஒளிர்ந்ததாம். கிளைவிட்டு, கிளை நுனியில் மொட்டு வைத்து. "பூவரசங் கொப்பு மாதிரிக் கிடந்தது" என்று அப்பா சாகும்வரை சொல்வார்.

"என்ன மருந்து விட்டனீங்கள்?"

மத்தியானத்துக்கும் விடவென்று அம்மா கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த குப்பியை எடுத்துக் கொடுத்தார். டொக்டர் லேபலை வாசித்தார்.

"உது வேறை கண்நோயளுக்கு நல்ல மருந்துதான். ஆனால் இந்தக் கிருமிக்கு இதைத் தனிய விட்டால் சோறு போட்டு வளக்கிறமாதிரி. காவல்காரனை நித்திரையாக்கினால் வீடு அமைதியாத்தான் இருக்கும். கள்ளன் உள்ளுக்குத்தானே நிக்கிறான்?"

"கண் தப்புமோ, ஐயா?" அம்மா வெறும் லேஞ்சியை மடித்தபடி கேட்டார்.

"நடுவுக்கு வந்திட்டுது. ஆழமாய்ப் போக முந்தி நிப்பாட்டினால் தப்பும். விட்டால் வெள்ளைத் தழும்பு விழும். பிறகு அந்தக் கண்ணுக்கு இருட்டும் வெளிச்சமும்தான்."

கண்ணை விறைக்கச் செய்து, பஞ்சு சுற்றிய குச்சியால் அந்தக் கொப்பைத் துடைத்தெடுத்தார். அந்தக் காலத்தில் அதுவும் ஒரு வைத்தியம். பிறகு ஒரு சொட்டு மருந்து: விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம், படுக்கும்போது களிம்பு. இன்றைக்கு எனக்குக் கிடைக்கும் களிம்பும் குளிசையும் அப்போது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டு டொக்டர் நிமிர்ந்தார். "இது அம்மாள் இல்லை. காய்ச்சலுக்குப் பிறகு உதட்டிலை போடுமே கொப்புளம், அதே கிருமி. வீட்டிலை ஆருக்கும் அப்பிடி இருக்கோ? அந்த ஆள் பிள்ளையைக் கொஞ்சினதோ, கண்ணைத் தொட்டதோ?"

அம்மா வாயைத் திறந்தார். அப்பா முந்திக்கொண்டார்.

"அப்பிடி ஒருத்தரும் இல்லை, டொக்டர்."

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "இஞ்சாரும், அக்காவுக்கு உதைச் சொல்லாதையும். கேட்டால் சீவன் போயிடும்." என் பக்கம் திரும்பி, "பிள்ளையும்தான்" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னதெல்லாம், இது அம்மாள் இல்லை, ஏதோ கிருமி, மருந்து விடுகிறவர் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், உதட்டில் புண் உள்ளவர்கள் பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது, அது டொக்டரின் பொதுச் சட்டம் என்பதுதான். அம்மான் தன் குப்பியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. லீவு முடிய முதலே கொழும்புக்குப் போனார். அங்கிருந்து அந்த வருடம் முழுக்க எனக்குப் படப்புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன.

மருந்து விடும் வேலையை மாமி எடுத்துக்கொண்டார். அவருக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. அப்பா தன் கைமணிக்கூட்டைக் கழற்றி மாமியின் காப்புக்கு மேலே கட்டிவிட்டு, "பெரிய முள்ளு உச்சிக்கு வந்தால் விடு" என்றார். மாமி அன்று முழுக்க அந்தக் கையைத் தண்ணீர் படாமல் தூக்கிக்கொண்டு திரிந்தார். மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். ஈரமணல் நிரப்பிய மண்முட்டிக்குள் குப்பியைப் புதைத்துவைத்தார். அந்த மணிக்கூடும் முட்டியும் அம்மான் அனுப்பிய புத்தகங்களும் பிறகு யுத்தகால இடம்பெயர்வில் போய்விட்டன.

"மேலை பார். உச்சியிலை காகம்."

காகம் இருக்காது. நிமிர்ந்து பார்ப்பேன், குளிர்ந்த சொட்டு விழும். பிறகு மாமி சாமியறைப் பக்கம் திரும்பிச் சொல்வது கேட்கும்: "கோவிக்காதை, தாயே. உன்ரை பேரைப் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். பிள்ளையின்ரை கண்ணிலை காட்டாதை."

கண்ணைக் காட்டக் கடைசி முறை போக வேண்டிய நாளில் வெங்காய லொறி வந்து நின்றது. அப்பாவும் அம்மாவும் அசைய முடியாது. மாமிதான் கூட்டிக்கொண்டு போனார். மருந்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. டொக்டர் வாயைத் திறந்து அதைச் சொல்லிவிடுவாரே என்றுதான் பஸ் வழி முழுக்கப் பயந்துகொண்டு போனேன்.

டொக்டர் சாயம் விட்டு, வெளிச்சம் காட்டிப் பார்த்தார். "கொப்பைக் காணேல்லை" என்றார். சுவரில் தொங்கிய அட்டையில் கரங்கள் நாலு பக்கமும் திரும்பிய E எழுத்துகள். எது எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொன்னார். மேல்வரியும் நடுவரியும் காட்டினேன். கடைசி வரி கலங்கியது. "அது காணும், போதும். ஓரத்திலை மெல்லிய தழும்பு ஒண்டு இருக்கு. கண் தப்பிட்டுது."

மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நாங்கள் எழும்பியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மாமி எழும்பவில்லை.

"டொக்டர், உது எப்பிடி வந்தது?"

அப்பா மறைத்தது டொக்டருக்குத் தெரியாதல்லவா. அவர் சொன்னார். கிருமி, உதட்டுக் கொப்புளம், கொஞ்சுவது, எல்லாம்.

மாமி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாக்காலை தூசி எடுத்தால்?" என்றார்.

அவர் மாமியின் உதட்டை ஒருமுறை பார்த்தார். கொப்புளம் இல்லை, முந்தியது இருந்த இடத்தில் நிறம் மட்டும் மாறியிருந்தது.

"வரலாம் அம்மா. ஆனால் இது எங்களிலை கனபேருக்குள்ளை கிடக்கு. எனக்குள்ளையும் கிடக்கும். தந்தவையும் தெரிஞ்சு தாறேல்லை. பிழை எண்டு ஒருத்தரையும் சொல்லேலாது."

மாமி "ஓம்" என்றார். வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்தோம். மாமி தன் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"கொப்பருக்கு உது தெரியுமோ?"

நான் குனிந்து சட்டை நுனியைத் திருகினேன். அப்பாவுக்குத் தெரியும் என்று அதுவே சொல்லிவிட்டது.

"அப்ப, எனக்குத் தெரியாது எண்டே இருக்கட்டும்" என்றார். "சொன்னால் அவனுக்குத்தான் முகம் முறியும். வா, பஸ் வரப்போகுது."

அப்பா தன் அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே காலமானார். மாமி தெரியாதவர்போலவே இருந்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் எந்தப் பிள்ளையையும் கொஞ்சவில்லை. தூசி எடுக்கக் கொண்டுவந்தால், "தண்ணியிலை கண்ணை முழிச்சு முழிச்சுக் கழுவுங்கோ" என்று அனுப்பினார். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தால் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வார். ஊர் சும்மா இருக்குமா? "பிள்ளை இல்லாத வயித்தெரிச்சல்" என்றார்கள். "வயசு போகப் போகப் பெருமை" என்றார்கள். அம்மாவும் ஒருநாள், "மச்சாளுக்கு மனம் கல்லாய்ப் போச்சு" என்றார். நானும் வளர்ந்து, படித்து, மாமி கொஞ்சம் மிஞ்சிப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

என் வயதுக்காரரே, இப்போது எல்லாரிடமும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். உதட்டில் ஊசி குத்துவதுபோல ஒரு கூச்சம் வந்தால் கொப்புளம் போடும் முன்பே டொக்டரிடம் காட்டுங்கள். குளிசையும் பூசுமருந்தும் அப்போதுதான் நன்றாகக் கேட்கும். அது காயும்வரை பிள்ளைகளைக் கொஞ்சாதீர்கள். ஒருவரின் கண்மருந்தை இன்னொருவருக்கு விடாதீர்கள். சிலந்தியை விட்டுவிடுங்கள், அது பாவம். பச்சைப் பிள்ளைக்கு இந்தக் கிருமி போனால் உயிருக்கே ஆபத்தாகலாம், மூளைவரை போகலாம் என்று அந்த இளம் டொக்டர் மாசியில் சொன்னார். கேட்டதும் எனக்கு என் மூத்தவள் பிறந்த நாள்கள் ஞாபகத்துக்கு வந்தன.

பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். மாமி மட்டும் கதவுநிலையில் நின்றார். அன்றைக்கு அவர் உதட்டோரம் கொஞ்சம் தடித்திருந்தது.

"மாமி, வந்து ஒருக்காக் கொஞ்சுங்கோவன். என்ரை பிள்ளையெல்லே?"

"காலைத் தா" என்றார்.

குழந்தையைச் சற்றுத் திருப்பிப் பிடித்தேன். மாமி கிட்ட வந்து, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, அந்தச் சின்ன உள்ளங்காலை விரல் நுனியால் பிடித்துத் தன் கண்ணிமையில் வைத்தார். முதலில் ஒரு கண்ணில். பிறகு மற்றதில். நெடுநேரம் வைத்திருந்தார். குழந்தை காலை உதறியது. மாமி சிரித்தார்.

"சரி, கொண்டுபோய்க் கிடத்து. காத்து அடிக்குது" என்றார்.